பல்லக்குத் தூக்கி வீழிநாதர் கட்டிய பாட்டு

கொன்றைத்துறையில் கரையேற்று நாதர் வீதியுலா வரும்போதெல்லாம் பல்லக்கின் பின்தண்டில் கடைசி ஆளாக நின்றவர் வீழிநாதர். சாமி தூக்குகிறவர்களைச் சீர்பாதம் தாங்கிகள் என்று மரியாதையாகச் சொல்வார்கள். மரியாதை அந்தப் பெயரோடு சரி. உலா முடிந்ததும் மாலையும் பரிவட்டமும் வேறு யாருக்கோ போகும். தூக்கினவர்களுக்கு ஆளுக்கு ஓர் உருண்டை புளியோதரை. வீழிநாதர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பாதியை இலையில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போவார்.

சாமி தினமும் ஊர்வலம் போவதில்லையே, வயிறு தினமும் கேட்கிறதே. மற்ற நாள்களில் அவர் நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். அதிலும் ஒரு விரதம் வைத்திருந்தார். மூட்டையெல்லாம் இடத்தோளில்தான்; வலத்தோளில் ஒரு பிடி நெல்லைக்கூட ஏற்றமாட்டார். வலத்தோள் சாமிக்கு. மாற்றி மாற்றித் தூக்கினால் வலி குறையுமே என்று மண்டியில் சொல்லிப் பார்த்து ஓய்ந்தார்கள். கல்யாணமான புதிதில் மனைவி அபயாம்பாள் வலத்தோளில் தலை சாய்த்தபோது, மெல்ல நகர்ந்து இடத்தோளைக் கொடுத்தவர் இவர். அந்த அம்மாள் அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டினார், சொல்லமாட்டாரா பின்னே?

ஆள் வேறு குட்டை. மற்றவர்கள் தோள் உயரத்துக்கு இவர் தோள் எட்டாது. அதனால் துண்டை நாலாக மடித்து வலத்தோளில் வைத்து, அதன்மேல் தண்டை ஏற்றிக்கொள்வார். தகப்பன் விட்டுப்போன முறை என்பதால்தான் அவரைத் தண்டில் விட்டுவைத்தார்கள். இல்லாவிட்டால் அந்த உயரத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

இனி பாட்டுக்கு வருகிறேன். வீழிநாதருக்குப் பாட்டு சுமைக்கு அடியிலிருந்து வந்தது. மூச்சு முட்டும்போது எல்லாரும் எதையாவது முனகுவார்கள், தெரிந்த பாட்டைத்தான் முனகுவார்கள். இவருக்கு மட்டும் தெரியாத பாட்டு வந்தது. சொல்லும் புதிது, மெட்டும் புதிது. நடக்கிற காலே தாளம். சாயங்காலம் ஆற்றில் முழுகிவிட்டுக் கோபுர வாசலோரம் போய் நிற்பார். அன்றைக்கு வந்த பாட்டைச் சாமிக்குப் பாடிக் காட்டுவார். பெரியவர்கள் பாடி வைத்த பதிகங்கள் இருக்கும்போது உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில் சொன்னார்: "அது அவங்க குடுத்தது. நான் என்னத்தக் குடுத்தேன்?"

ஒரு மார்கழியில் வெளியூர் வித்துவான் ஒருவர் வந்து தங்கியிருந்தார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் சிலர் வீழிநாதரை அவர் முன்னால் கொண்டு போய் நிறுத்தினார்கள். இரண்டு அடி கேட்டதுமே வித்துவான் கையை உயர்த்தி, "இது என்ன ராகம்?" என்றார். வீழிநாதர் யோசித்துவிட்டு, "சாமி தூக்குற நடைங்க" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்கு நேராகப் போகவில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு முறை கழுவிக்கொண்டுதான் போனார். அவருக்கு வலித்தது, பொய் சொல்வானேன்?

எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்தவர் குஞ்சிதபாதம். அபயாம்பாளின் அண்ணன், முன்தண்டில் முதல் ஆள், மலை மாதிரி உடம்பு. அந்தியில் தூக்குகிறவர்கள் எல்லாரும் படித்துறையில் குளிக்கக் கூடும்போது, தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக் குட்டையாகி, மூக்கால் பாடிக்கொண்டு நடந்து காட்டுவார். மற்றவர்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அதே நடை நடப்பார்கள். அப்படி அவர்கள் பாடி விளையாடியது ஒரு குறிப்பிட்ட பாட்டு:

தூக்கிப் போறேன் ஏறிக்கோ – என்
தோளு மேல சாஞ்சுக்கோ
தாக்குப் புடிக்காம நின்னேன்னா – நீ
தரையில எறங்கி நடந்துக்கோ

இந்தப் பாட்டுத்தான் வினையைக் கொண்டு வந்தது. ஆனித் திருவிழாவில் தண்டுக்கு அடியில் நடந்தபோது வீழிநாதர் வாய் தன்னை அறியாமல் இதைப் பாடிவிட்டது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியம் கனகசபைப் பிள்ளையின் காதில் கடைசி அடி விழுந்தது.

மணியத்தை நான் குறை சொல்லமாட்டேன். சாமி சொத்தில் ஒரு எள்ளைத் தொடாதவர். கோயிலில் எது எப்படி நடந்ததோ அது அப்படியே நடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய பக்தி. மறுநாள் காலையில் கொடிமரத்தடிக்கு வீழிநாதரை வரச்சொன்னார்.

"கடைசி அடியைத் திருப்பிச் சொல்லு."

வீழிநாதர் சொன்னார்.

"சாமியை எறங்கி நடக்கச் சொல்றியா? தூக்கறவன் பேசற பேச்சா இது?"

"நான் கீழ விழுந்துட்டா அவரு என்ன பண்ணுவாருன்னு ஒரு கவலைங்க ஐயா. அதுல வந்த அடி."

"உன் கவலைய உங்க வீட்டுல வச்சுக்க. இனிமே சொந்தமாப் பாட்டுக் கட்டமாட்டேன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. தண்டு உனக்கே. இல்லேன்னா வேற ஆள் நிக்கும்."

தட்டில் சூடம் ஏற்றினார்கள். உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தால் முடிந்தது. வீழிநாதர் கையை நீட்டினார். சூட்டுக்கு மேலே கை நின்றது. குஞ்சிதபாதம், "அணைங்க மாப்பிள்ளே" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார். உள்ளங்கை சிவந்தது. இறங்கவில்லை. சூடம் தானாக எரிந்து தீர்ந்தது.

"சத்தியம் பண்ணிடலாம்ங்க" என்றார் வீழிநாதர். "நாளைக்கு மூட்டைக்கு அடியில பாட்டு வந்துடுச்சுன்னா? சாமிகிட்டப் பொய் சொன்ன தோளை வச்சுக்கிட்டு எப்படிங்க அவரைத் தூக்குறது?"

மணியம் தட்டை எடுத்து வைக்கச் சொன்னார். "சரி. இன்னையோட உனக்குத் தண்டு இல்லே. இன்னொண்ணும் கேட்டுக்க. இனி ஒருதரம் உன் பாட்டு சாமி காதுல விழுந்தா, அப்புறம் நீ கோபுர வாசலை மிதிக்கக் கூடாது."

அன்றைக்கு அபயாம்பாள் அடுப்பு மூட்டவில்லை. "ஊர்ல எல்லாரும் ஊமையாவா இருக்காங்க? உங்களுக்கு மட்டும் சொந்தமாப் பாடாட்டி உசுரு போயிடுமா? ஒரு பாட்டுக்காகச் சாமியவே விட்டுட்டு வந்திருக்கீங்களே" என்று அழுதார். அழுகை கோபமாகத் திரும்பியது. "இப்ப வலத்தோளு சும்மாத்தானே கெடக்கு? அதுலயும் ரெண்டு மூட்டைய ஏத்துங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வீழிநாதர் கோபித்துக்கொள்ளவில்லை. "அது காலியாவே இருக்கட்டும் அபயம். அவரா வர்றேன்னு சொன்னா எங்க உக்கார வைப்பேன்?" என்றார். அபயாம்பாள் எழுந்து போய் அடுப்பு மூட்டினார்.

மணியம் போட்ட விதியை வீழிநாதர் மீறவில்லை. தினமும் கோயிலுக்குப் போவார், வாய் திறக்காமல் கும்பிட்டுவிட்டு வருவார். பாட்டு வந்தால் அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே வெகுதூரம் நடந்து, கோயில் மணியோசைகூட எட்டாத மணல்மேட்டில் நின்று பாடுவார். பாட்டு நின்றுபோகவில்லை, அதுதான் அதிசயம். ஆனால் மனசுக்குள் ஒரு முள் தைத்துவிட்டது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும், விரட்டினவர் விரட்டட்டும். சாமிக்கே நம் பாட்டுப் பிடிக்கவில்லையோ? பிடித்திருந்தால் தண்டிலிருந்து இறக்கிவிட்டிருப்பாரா? மூட்டை அழுத்தாத இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி அழுத்தியது.

ஐப்பசி வந்தது. கொன்றைத்துறையில் ஐப்பசித் தீர்த்தவாரி தனி வழக்கம். சாமி ஆற்றைக் கடந்து அக்கரை மண்டபத்துக்குப் போய் நீராட வேண்டும். பரிசலில் ஏற்றக் கூடாது. தோளில்தான் கடக்க வேண்டும். தூக்குகிறவர்களின் கால் தண்ணீரில் பட்டுவிட்டால் திரும்பக் கூடாது, நடுவில் இறக்கவும் கூடாது. கரையேற்றுகிறவரே பாதியில் திரும்பினால் ஊரை யார் கரையேற்றுவது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள்.

அந்த வருஷம் மேற்கே விடாத மழை. காலையில் ஆறு தொடையளவு ஓடியது. "போகலாமா?" என்று குஞ்சிதபாதம் கேட்டார். தண்ணீர் நிறம் இன்னும் மாறவில்லை, வெள்ளம் வருவதற்குள் போய்விடலாம் என்று மணியம் சொன்னார். அவரும் குருக்களும் பூசைச் சாமான்களோடு முன்னதாகப் பரிசலில் அக்கரைக்குப் போய் மண்டபத்தில் காத்திருந்தார்கள். பல்லக்கு தண்ணீரில் இறங்கியது. பக்கத்திலேயே தவிலும் நாயனமும் இறங்கின.

வீழிநாதர் அதற்கு முன்பே ஆற்றைக் கடந்துவிட்டார். அக்கரையில் கூட்டத்தை விட்டு விலகி, கொஞ்சம் கீழே, தண்ணீரிலேயே தனியாக நின்றார். அங்கே நின்றால் சாமி நேருக்கு நேர் வருவார். தூக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, பார்க்கவாவது செய்யலாமே.

பல்லக்கு பாதி ஆறு வந்தபோது தண்ணீர் சிவந்தது. வீழிநாதரின் காலடியில் மணல் நழுவியது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் புதுவெள்ளம் பல்லக்குக்காரர்களின் இடுப்பைப் பிடித்துவிட்டது. தோல் நனைந்தால் தவில் செத்துப் போகும் என்று தவில்காரர்கள் தவிலைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நாயனமும் நின்றது. சட்டென்று சத்தமே இல்லை.

அங்கேதான் தப்பு நடந்தது. பக்தியால் நடந்த தப்பு. பயந்துபோன ஜனங்கள் இரண்டு கரையிலும் "அர அர மகாதேவா" என்று முழங்கத் தொடங்கினார்கள். தவில் நின்றுவிட்டதால் தூக்குகிறவர்கள் அந்த முழக்கத்தையே தாளமாகப் பிடித்துக்கொண்டார்கள். முன்தண்டுக்காரர்களுக்கு அக்கரை முழக்கம் கேட்டது. பின்தண்டுக்காரர்களுக்கு இக்கரை முழக்கம் கேட்டது. இரண்டும் ஒன்றாக விழவில்லை. முன்னால் ஒரு கால் விழும்போது பின்னால் ஒரு கால் எழுந்தது. பல்லக்கு முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது, மறு பக்கம் சாய்ந்தது. சாமியின் குடை ஆற்றில் விழுந்து உருண்டு போயிற்று. அதைப் பார்த்த ஜனங்கள் இன்னும் பலமாக முழங்கினார்கள்.

"முழக்காதீங்க, நிறுத்துங்க" என்று வீழிநாதர் கத்தினார். யாருக்குக் கேட்கும்? அபயாம்பாள் அக்கரைக் கூட்டத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முன்தண்டில் நிற்பது கூடப் பிறந்தவன் அல்லவா?

பாடினால் கால்கள் சேரும். அது வீழிநாதருக்குத் தெரியும். பாடினால் இனி ஆயுசுக்கும் கோபுர வாசலை மிதிக்க முடியாது. அதுவும் தெரியும். இந்தப் பார்வைதான் கடைசிப் பார்வை என்று நினைத்துக்கொண்டார். ஆடிக்கொண்டிருந்த அந்தத் திருமுகத்தைக் கண் நிறையப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, பல்லக்கை நோக்கித் தண்ணீரைப் பிளந்துகொண்டு நடந்தார்.

"தூக்கிப் போறேன் ஏறிக்கோ – என் தோளு மேல சாஞ்சுக்கோ…"

குஞ்சிதபாதத்தின் காதில் அது விழுந்தது. அவர் யோசிக்கவில்லை, அவருடைய கால் யோசிக்காமல் திரும்பியது. அந்தி தவறாமல் குடத்தைத் தோளில் வைத்துக் கேலியாக நடந்த அதே நடை. பின்னால் நின்றவர்களுக்கும் அப்படியே. எவ்வளவு கிண்டல் செய்தார்களோ அவ்வளவுக்குக் கால்களில் அந்தப் பாட்டு ஊறிக் கிடந்தது. எல்லார் காலும் ஒன்றாக விழுந்தது. பல்லக்கு நிமிர்ந்தது. குஞ்சிதபாதமே வாய்விட்டுப் பாடத் தொடங்கினார், இந்த முறை மூக்கால் அல்ல.

கரைக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி. பின்தண்டில் வீழிநாதருடைய பழைய இடத்தில் நின்றவன் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வெள்ளம் அவனை உருட்டிக் கரையோரக் கோரைக்குள் தள்ளியது. தண்டின் முனை சரிந்து வந்தது. வீழிநாதர் பாய்ந்து வலத்தோளைக் கொடுத்தார். மடித்த துண்டு இல்லை. குட்டை ஆள், அதிலும் பள்ளத்தில் நிற்கிறார், தண்ணீர் கழுத்தைத் தொட்டது. முழுப் பாரமும் அவர் மேல் இறங்கியது. "தாக்குப் புடிக்காம நின்னேன்னா" என்று பாடினவருக்கு அதற்கு மேல் மூச்சு வரவில்லை. பாட்டு நின்றது. கால்களும் நின்றன. முழங்கால் மடங்கத் தொடங்கியது.

அப்போது தண்டு லேசானது.

யாரோ பின்னால் வந்து தாங்குகிறார்கள் என்றுதான் வீழிநாதர் நினைத்தார். கண்ணெல்லாம் சேற்றுத் தண்ணீர், பார்க்க முடியவில்லை. இடப்பக்கம் ஒருவர் தன்னோடு கூடவே நடக்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அந்த நடை தன் பாட்டின் நடையாக இருந்தது. அவருக்கு மூச்சுத் திரும்பியது. விட்ட அடியைப் பாடி முடித்தார். நடந்தார்கள். கரை ஏறினார்கள். மண்டபத்தில் பல்லக்கு இறங்கியதும் தூக்கினவர்கள் எல்லாரும் மூச்சு வாங்க அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

வீழிநாதர் மட்டும் உட்காரவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட மணியத்துக்கு முன்னால் போய் நின்றார். "பாடிட்டேங்க ஐயா. உத்தரவுப்படி இனிமே வாசலுக்கு வரமாட்டேன்."

மணியம் கை கூப்பினார். "சாமியக் கரை சேர்த்தே. அதுக்குக் கோடி கும்பிடு. ஆனா சொன்னது சொன்னதுதான் வீழி. இன்னைக்கு உனக்குத் தளர்த்தினா நாளைக்கு யாருக்கும் விதி இல்லே."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வீழிநாதர் திரும்பினார். குஞ்சிதபாதம் எழுந்து, "ஐயா, மனசாட்சி வேணாமா?" என்று தொடங்கினார். வீழிநாதர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அபயாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் மண்டபத்துப் படியில் கால் வைத்தார்கள்.

"மணியம், கொஞ்சம் இங்க வாங்கோ." குருக்கள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. நீராட்டுக்காகச் சாமியின் அலங்காரத்தைக் களைந்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு விலகி நின்றார். "பல்லக்கு எங்கயாவது தண்ணியில முங்கித்தா?"

"இல்லீங்க சாமி" என்றார் குஞ்சிதபாதம். "மெத்தை காஞ்சுதானே கெடக்கு, தொட்டுப் பாருங்க."

குருக்கள் தொட்டுப் பார்த்தார். மெத்தை காய்ந்துதான் இருந்தது. கழுத்து மாலையில் ஒரு துளி ஈரமில்லை. சாமியின் பட்டு மட்டும் முழங்கால் வரை நனைந்திருந்தது. திருவடி இரண்டிலும் செக்கச்செவேல் என்று புதுவெள்ளத்து வண்டல். வலது பாதத்து விரலிடுக்கில் ஒரு கோரைப்புல் சிக்கியிருந்தது.

தூக்கினவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். குஞ்சிதபாதம்தான் மெல்லச் சொன்னார். "கரைக்குக் கிட்ட வர்றப்ப தண்டு வெறும் தண்டா இருந்துச்சுங்க. சாமி விழுந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டு, பயத்துல நான் திரும்பியே பார்க்கல." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அவரவர் பயந்துகொண்டு சொல்லாமல் வைத்திருந்தது அதுவேதான்.

மணியம் குனிந்து அந்தத் திருவடிகளைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. "வீழி" என்று கூப்பிட்டார். "கடைசி அடியைத் திருப்பிச் சொல்லு."

வீழிநாதரால் சொல்ல முடியவில்லை. படியிலிருந்து ஓடி வந்து, அந்த வண்டல் பூசிய பாதத்தைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டார். மகிழ்ச்சியில் அழுதார் என்று நினைத்துவிடாதீர்கள். "நடக்க வச்சுட்டேனே. ஒரு பேச்சுக்குப் பாடினதை நெசமுன்னு எடுத்துக்கிட்டு எறங்கிட்டீரே. கால் நொந்திருக்குமே ஐயா" என்று அழுதார். அபயாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பதிலாக அந்தக் கடைசி அடியைச் சொன்னார். இத்தனை நாள் காது கேட்காதது போல் இருந்தவருக்கு ஒரு சொல் பிசகாமல் தெரிந்திருந்தது.

மணியம் தன் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்தார். அதை உதறினார். நாலாக மடித்தார். மடித்ததை வீழிநாதரின் வலத்தோளில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திச் சரி செய்தார். "உன் பாட்டுக் கேட்டு நடந்து வந்தவரை உள்ள வச்சுக்கிட்டு, உன்னை வெளிய நிறுத்த எனக்கு வாய் கெடையாது" என்றார். "திரும்பிப் போறப்ப முன்தண்டு உன்னோடது."

"பின்தண்டே போதுங்க ஐயா. என் உயரத்துக்கு முன்னால நின்னா சாமி சறுக்கி விழுந்துடுவாரு" என்றார் வீழிநாதர், அழுகைக்கு நடுவிலேயே. குஞ்சிதபாதம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு சாமி திரும்பினார். தவில்கள் காய்ந்திருந்தன. ஆனாலும் நடு ஆற்றுக்கு வந்ததும் தவில்காரர்கள் தாங்களாகவே கையை நிறுத்திக்கொண்டார்கள். அந்த இடத்தில் வீழிநாதர் பாடினார், தூக்கினவர்கள் பாடினார்கள், இரண்டு கரையும் வாயை மூடிக்கொண்டு கேட்டது. அதற்குப் பிறகும் அவர் மூட்டை தூக்கித்தான் பிழைத்தார், மூட்டை மூட்டையாகப் பாட்டும் கட்டினார். ஒன்று மட்டும் மாறியது. அந்தப் பழைய பாட்டின் கடைசி அடி வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், சாமி காதில் விழுந்து மறுபடியும் இறங்கிவிடப் போகிறாரே என்று.

தனக்கென்று வந்த பாட்டை யாருக்காகவும் அணைக்காமல், ஒரு தோளை அவருக்கென்றே காலியாக வைத்திருந்த வீழிநாதருக்கு நம்முடைய வணக்கம்.